பக்கத்து வளவில் மதில் எழும்புகிறது: 1 அடி 7 அங்குலம் எங்கே போனது?

பூவரசடி | பெப்ரவரி 3

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு செம்மண் ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் ஒழுங்கை வரைக்கும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அம்மாவின் தகப்பனாருக்கு ஐந்து பரப்புக் காணி இருந்தது (பரப்பு எங்கள் ஊர் நில அளவு). 1958 இல் இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டரைப் பரப்பாகச் சீதனம் எழுதினார். வடக்குத் துண்டு அம்மாவுக்கு, தெற்குத் துண்டு சின்னம்மாவுக்கு, நடுவில் கதியால் வேலி. கிணறு பொது. இரண்டு உறுதியிலும் (காணிப் பத்திரத்திலும்) ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்’ என்று எழுதியிருக்கிறது. அம்மா இப்போது இல்லை. சின்னம்மா இருக்கிறார், 81 வயது. அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, கனடாவில்.

கிழக்கே ஒழுங்கையிலிருந்து மேற்கே பின்வேலி வரை எங்கள் பொது வேலி 92 அடி. அதைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டத் தம்பி காசு அனுப்பியிருக்கிறார். கட்டட்டும். போன கிழமை மேசன் வந்து கயிறு பிடித்தபோது கயிறு வேலியில் இல்லை. எங்கள் பக்கம் 1 அடி 7 அங்குலம் தள்ளி, என் தேசிமரத்தை (எலுமிச்சை) உரசிக்கொண்டு போகிறது. கேட்டால், ‘அண்ணை, உங்கள் ஐயா 1996 இல் தனியாகப் போட்ட வேலிதானே அது’ என்று வாட்ஸ்அப்பில் பதில் வருகிறது.

உண்மைதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கியதால் எல்லோருமாகத் தென்மராட்சிக்குப் போனோம். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது வேலி விறகாகப் போயிருந்தது. சின்னம்மா குடும்பம் வன்னிக்குப் போய்விட்டது. ஐயாதான், என் அப்பாதான், கயிறு கட்டிக் கதியால் ஊன்றினார். ஐயா ஒரு அங்குலமும் அடுத்தவன் காணியில் வைக்காத மனிதர். இதை நான் சொல்லி யார் நம்புவார்கள்? அவரும் இல்லை.

என்ன செய்யலாம்?

சுடுமணல் | பெப்ரவரி 3

பொலிசுக்குப் போங்கள் மாஸ்டர். இன்றைக்கே. அத்திவாரம் வெட்டிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கனடாக் காசு வந்தால் ஊர் எல்லை எல்லாம் ரப்பர் ஆகிவிடும்.

பனிப்புலத்தான் | பெப்ரவரி 3

கனடாவில் இருப்பவன் என்ற முறையில் சுடுமணலுக்கு ஒரு கண்டனத்தைப் பதிவு செய்கிறேன். இங்கே நாங்கள் பனி அள்ளி அனுப்பும் காசு அது. மற்றபடி, தம்பி நேரில் வந்து அளந்தாரா, அல்லது யாரையாவது விட்டு அளந்தாரா? அது முக்கியம்.

காவிரிக்கரை | பெப்ரவரி 4

தஞ்சாவூரிலிருந்து படிக்கிறேன். கதியால் என்றால் வேலிக்கால் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் பக்கம் முள்வேலி அல்லது கல்தூண்தான். கால் எப்படி நகரும்?

கலட்டிவாசி | பெப்ரவரி 4

காவிரிக்கரை, உங்கள் ஊர் வேலிக்கால் செத்த கால். எங்களுடையது உயிருள்ளது. பூவரசு, கிளுவை, முள்முருங்கை இவற்றின் தடிகளை மழை தொடங்கும்போது ஊன்றுவோம். தளிர்த்து மரமாகும். இடையில் பனையோலையோ கிடுகோ வைத்து வரிந்து கட்டுவோம். இலையை ஆட்டுக்குப் போடலாம், தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்க்கலாம். வேலி என்பது பாதித் தோட்டம்.

எப்படி நகரும் என்று கேட்டீர்கள். ஒரு கதியால் பட்டுப்போனால் அதே குழியில் புதியது ஊன்ற முடியாது, பழைய வேரும் அடிக்கட்டையும் கிடக்கும். பக்கத்தில்தான் ஊன்ற வேண்டும். எந்தப் பக்கத்தில்? ஊன்றுகிறவர் தன் வளவுக்குள் நின்றுதானே ஊன்றுகிறார், அலவாங்கு தானாக எதிர்ப்பக்கம் சாயும். கள்ளம் இல்லாமலே நாலு விரற்கடை போகும். கள்ளம் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. பத்து மாரி கழிந்தால் வேலி வேறு இடத்தில் நிற்கும். போதாததற்குப் பூவரசு பருக்கும். என் வீட்டு வேலியில் ஒன்று இருக்கிறது, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க வேண்டும். எல்லை அந்த மரத்தின் இந்தத் தோலா, அந்தத் தோலா, நடு வைரமா?

அந்தக் காலத்தில் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று வேலி அடைப்பார்கள். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே, ஓலைக்கு இடையால் ஊசி போய் வரும். அப்போதே சண்டை பிடித்து அப்போதே முடித்துக்கொள்வார்கள். மாஸ்டரின் ஐயா 1996 இல் ஒற்றை ஆளாக ஊன்றினார். மறுபக்கத்தில் ஊசி வாங்க ஆள் இருக்கவில்லை.

உறுதிப்பெட்டி | பெப்ரவரி 4

காணி வழக்குகள் ஓடும் அலுவலகம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவள். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் வழக்கறிஞருக்கு மாற்று அல்ல.

சுடுமணல் சொன்ன பொலிஸ் வழி இருக்கிறது. சமாதானக் குலைவு வரும் என்று கண்டால் பொலிசார் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிக்கை போடுவார்கள். ஆனால் அங்கே தீர்மானிப்பது காணி யாருடையது என்பதை அல்ல, அறிக்கை போட்ட அன்று யார் கையில் இருந்தது என்பதை. அதற்கு முன் இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆகவே அத்திவாரம் வெட்ட விட்டுவிட்டுப் பல மாதம் பொறுத்திருக்காதீர்கள். அந்த அளவில் சுடுமணலின் அவசரம் சரி.

உரித்தைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். எல்லை நிர்ணய வழக்குப் போட்டால் நீதிமன்றம் நில அளவையாளருக்கு ஆணை கொடுக்கும், அவர் வரைபடம் தருவார், மற்றவர் அதை எதிர்ப்பார், இன்னொரு அளவையாளர் வருவார். பேரன் முடிப்பான்.

அடுத்து ஆட்சி உரிமை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டப்படி, எதிரிடையாகவும் இடையூறின்றியும் பத்து வருட ஆட்சி வேண்டும். ‘1996 இலிருந்து வேலி நிற்கிறது, முடிந்தது கதை’ என்று எண்ணாதீர்கள். போரால் தங்கள் காணிக்கு வழக்காட முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. தம்பியின் வழக்கறிஞர் அதைத் தூக்கிக்கொண்டு வரலாம். அது இன்றைக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதைவிட, சின்னம்மாவின் காணியை ‘எதிரிடையாக’ ஆண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட உங்களுக்கு மனம் வருமா? பத்து வருட ஆட்சி கேட்பவர் முதலில் ‘அது என்னுடையதல்லாத காணி’ என்றல்லவா தொடங்க வேண்டியிருக்கிறது.

பூவரசடி | பெப்ரவரி 4

வராது. வருடத்துக்கு ஒரு தடவை வேலியில் ஏதாவது பொத்தலை அடைக்கச் சொல்லிச் சின்னம்மாவே கூப்பிடுவார். 2010 இல் திரும்பி வந்ததிலிருந்து ஒரு நாளும் வேலி பிழை என்று சொன்னதில்லை.

பனிப்புலத்தான் கேட்டதற்கு: தம்பி மார்கழியில் மூன்று கிழமை வந்து நின்றார். நாடா பிடித்து அளந்தார். நானும் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன் (மடையன்).

மயிலிட்டிக்காற்று | பெப்ரவரி 5

வலிகாமம் வடக்கிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் 1990 ஆனியில் வெளிக்கிட்டோம். எங்கள் பகுதி 2017 இல்தான் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. 27 வருடம்.

முதல் நாள் உள்ளே விட்டபோது எங்கள் ஒழுங்கை எது என்றே தெரியவில்லை. வீடு இல்லை, அத்திவாரம் கூட இல்லை. வேலி என்ற பேச்சுக்கே இடமில்லை, நாயுருவியும் அலரியும் ஆள் உயரத்துக்கு. அம்மா ஒரு இடத்தில் நின்று, ‘இதுதான் குசினி’ என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘கிணறு அங்கே, எனக்கு வாளி தூக்கி நடந்த காலடி தெரியாதா’ என்றார். கிணற்றிலிருந்து இருபத்திரண்டு எட்டு. நடந்து காட்டினார். ஊரில் எல்லோரும் கிணற்றைப் பிடித்துத்தான் காணியைக் கண்டுபிடித்தார்கள். மரத்தை வெட்டலாம், கல்லைப் பிடுங்கலாம், கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சிலரது கிணற்றை மூடியிருந்தார்கள். அவர்கள்தான் கடைசி வரை அலைந்தார்கள்.

எங்கள் பக்கத்து வளவுக்காரர் பிரான்சில். அவர் வந்து நிற்காமல் எல்லை போட எனக்கு மனமில்லை. ஆறு மாதம் இரண்டு வளவையும் ஒன்றாகவே துப்புரவாக்கினோம். அவர் வந்தபோது இரண்டு பேரும் ஒரு பனங்கொட்டையை நட்டு ‘இதுதான்’ என்று முடித்தோம். வடலி இப்போது என் இடுப்பளவு.

மாஸ்டர், உங்கள் கிணறு எங்கே இருக்கிறது? எல்லையிலா, ஒரு பக்கத்திலா?

சுடுமணல் | பெப்ரவரி 5

பனங்கொட்டை எல்லாம் நல்லவர்களுக்கு. மேசன் கயிறு கட்டியவனுக்கு அல்ல.

அளவைச்சங்கிலி | பெப்ரவரி 6

ஓய்வு பெற்ற நில அளவையாளன். முழு இழையையும் வாசித்துவிட்டுக் கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது 2722½ சதுர அடி. வரகு விதைப்புக் கணக்கில் பரப்புக்கு 18 குழி. ஒரு குழி 151¼ சதுர அடி. இப்போது உங்கள் தகராறு: 92 அடி நீளம், 1 அடி 7 அங்குல அகலம். பெருக்கினால் 145 சதுர அடியும் கொஞ்சமும். ஒரு குழிக்குச் சற்றுக் குறைவு.

இது எனக்கு உறுத்துகிறது. வேலி நகர்ந்திருந்தால் ஒரு முனையில் ஒரு அடி, மறுமுனையில் இரண்டு, நடுவில் வயிறு தள்ளி நிற்கும். 92 அடிக்கும் ஒரே சீராக 1 அடி 7 அங்குலம் எந்தக் கதியால் வேலியும் நகராது. நாற்பது வருடத்தில் நான் கண்டதில்லை. தம்பி உங்கள் வேலியை அளக்கவில்லை. தன் வளவு முழுவதையும் அளந்திருக்கிறார், உறுதியில் இரண்டரைப் பரப்பு என்று இருக்கிறது, கையில் 145 சதுர அடி குறைகிறது, அதை 92 ஆல் பிரித்திருக்கிறார். வந்த விடையை உங்கள் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்.

குறைவு உண்மையாக இருக்கலாம். ஆனால் வளவுக்கு நாலு பக்கம் இருக்கிறதே. உங்கள் துண்டை அளந்தீர்களா? அதிலும் குறைந்தால் களவு வேறு எங்கோ போயிருக்கிறது. முதலில் ஒழுங்கைப் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று. ‘பழைய வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தோம்’ என்று யாரும் வந்தால் நம்பாதீர்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு சங்கிலி, அதாவது 66 அடி என்று வரைந்த படத்தில், அரை மில்லிமீற்றர் தடித்த மைக்கோடு நிலத்தில் 1 அடி 3 அங்குலத்துக்கு மேல். நீங்கள் சண்டை பிடிப்பது ஏறக்குறைய ஒரு பேனாக்கோட்டின் தடிப்புக்கு.

பூவரசடி | பெப்ரவரி 7

ஐயா, காலையில் மகனோடு எங்கள் துண்டை அளந்தேன். எங்களுக்கும் குறைகிறது. ஏறத்தாழ அதே 145.

அளந்துவிட்டுத் திண்ணையில் இருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. 1984 என்று நினைக்கிறேன், நான் படிப்பிக்கத் தொடங்கிய வருடம். எங்கள் ஒழுங்கையில் மாட்டு வண்டில்தான் போகும். வெங்காயம் ஏற்ற உழவு இயந்திரம் உள்ளே வர வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி, ஆளுக்கு இரண்டடி முன்வேலியைப் பின்னே எடுத்தார்கள். ஐயாவும் சித்தப்பாவும் ஒரே நாளில் எடுத்தார்கள். ஒரு எழுத்தும் இல்லை. உறுதியும் மாற்றவில்லை. தம்பிக்கு அப்போது ஆறோ ஏழோ வயது.

சின்னம்மாவின் துண்டு ஒழுங்கைப் பக்கம் 72½ அடி. இரண்டால் பெருக்கினேன். 145.

கையெல்லாம் நடுங்கியது, உண்மையாக.

பனிப்புலத்தான் | பெப்ரவரி 7

வேலை இடைவேளையில் வாகனத்துக்குள் இருந்து வாசிக்கிறேன். அளவைச்சங்கிலி ஐயாவுக்கு ஒரு பிளேன்டீ என் கணக்கில்.

கலட்டிவாசி | பெப்ரவரி 7

ஒழுங்கைக்கு விட்ட காணியை யாரும் உறுதியில் கழிப்பதில்லை. அதனால் எழுதும்போது ஐந்து பரப்பு, விற்கும்போதும் ஐந்து பரப்பு. கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறுதியைப் படித்துப் பார்ப்பவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் கள்ளன். உழவு இயந்திரத்தின் மேல் யார் வழக்குப் போடுவது?

சுடுமணல் | பெப்ரவரி 8

சரி, என் பொலிஸ் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். பாதி.

உறுதிப்பெட்டி | பெப்ரவரி 8

இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அவர் ஒன்று எழுதுவார், நீங்கள் ஒன்று எழுதுவீர்கள், மனைவிமார் வாசிப்பார்கள், முடிந்தது. மத்தியஸ்த சபைக்குப் போடுங்கள். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. வழக்கறிஞர் ஆஜராக முடியாது, இருப்பவர்களும் அநேகமாக ஓய்வு பெற்ற அதிபர், தபாலதிபர் போன்ற நம் ஊர் ஆட்கள். வடக்கு கிழக்கில் காணிப் பிணக்குகளுக்கென்று விசேட சபைகளும் இருக்கின்றன. இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம்.

மதில் பற்றி ஒரு வார்த்தை. அத்திவாரம் மதிலைவிட அகலம். ஆறங்குலக் கல் மதிலுக்கு ஒன்றரை அடி, இரண்டடி வெட்டுவார்கள். மதில் ஒருவருடையதா, இருவருக்கும் பொதுவா என்பதை முதலில் எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஒருவருடையதென்றால் அத்திவாரமும் அவருடைய பக்கத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே மதில் சரியான இடத்தில் நிற்கும், மண்ணுக்குக் கீழே முக்கால் அடி உங்கள் வளவுக்குள் படுத்திருக்கும். பல சண்டைகள் அங்கேதான்.

மயிலிட்டிக்காற்று | பெப்ரவரி 8

சபைக்குப் போக முதல் சின்னம்மாவிடம் 1984 பற்றிக் கேளுங்கள் மாஸ்டர். ஒழுங்கை அகட்டியது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நாங்கள் எல்லோரும் கனடாவோடு பேசிக்கொண்டிருக்கிறோம், காணிக்காரி பக்கத்து வீட்டில் இருக்கிறார். என் கிணற்றுக் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

பூவரசடி | பெப்ரவரி 10

நல்ல அடி. தகும்.

கிணறு எல்லையில். வேலி கிணற்றடியில் வந்து முட்டி, நின்று, மறுபக்கத்தில் தொடங்கும். அதற்குப் பக்கத்தில் வேலியில் ஒரு பொட்டு, அதாவது திறப்பு, இருக்கிறது, ஆள் குனிந்து போகிற அளவு. அம்மா இருந்த காலத்தில் சட்டி, அகப்பை, முருங்கைக்காய், ஊர்க்கதை எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வரும்.

நேற்றுப் பொட்டுக்குள்ளால் போனேன். எனக்கு முதுகு பிடிப்பு வேறு. சின்னம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். ஒழுங்கை அகட்டினது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ‘இல்லாமல்? அன்றைக்கு என் செவ்வரத்தையை உன் சித்தப்பா வேரோடு பிடுங்கினார். இரண்டு நாள் சமைக்கவில்லை நான்’ என்றார். அதைத் தம்பிக்குச் சொன்னீர்களா என்றால், ‘அவன் கேட்டால்தானே. அவன் நாடாவைக் கேட்டான்’ என்கிறார்.

1996 பற்றியும் கேட்டேன். நான் அறியாத ஒன்றைச் சொன்னார். ஐயா வேலி போட்ட பிறகு, வன்னிக்குப் போன யாரோ ஒருவரிடம் கடிதம் கொடுத்துவிட்டிருக்கிறார். கிணற்றடிப் பூவரசின் அடிக்கட்டை தளிர்த்திருக்கிறது, அதைப் பிடித்துக் கயிறு கட்டினேன், வந்து பிழை இருந்தால் சொல்லு தங்கச்சி, மாற்றிப் போடலாம் என்று. கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். முள்ளிவாய்க்காலில் எது மிஞ்சியது என்றார். நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அளவைச்சங்கிலி | பெப்ரவரி 10

கிணற்றடிப் பூவரசு உங்கள் முதற்புள்ளி. அதைத் தறிக்க விடாதீர்கள். பதிவு பெற்ற அளவையாளர் ஒருவரை இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டு, கூலியைப் பாதி பாதியாகக் கொடுங்கள். ஒருவர் கொடுத்தால் அது ஒருவருடைய படம்.

பூவரசடி | மார்ச் 19

ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னிக்கவும். சபையில் இரண்டு அமர்வு நடந்தது. தம்பி சார்பில் அவருடைய மச்சான் வந்தார். சின்னம்மாவும் வந்தார், யாரும் கூப்பிடாமல். செவ்வரத்தைக் கதையை மத்தியஸ்தர் மூன்று பேருக்கும் முழுதாகச் சொன்னார்.

அளவையாளர் இரு பக்கமும் ஒழுங்கைக்குப் போன இரண்டடியைக் கழித்து, மிச்சத்தைச் சரிபாதியாக்கிக் கோடு போட்டார். கோடு கிணற்றடிப் பூவரசுக்குள்ளாலேயே போகிறது. ஒழுங்கை முனையில் எங்கள் வேலி அவர்கள் பக்கம் 5 அங்குலம் நிற்கிறது. பின் முனையில் அதே வேலி எங்களுக்குள் 8 அங்குலம். அதாவது ஐயாவின் கயிறு பூவரசில் சரி, இரண்டு முனையிலும் கொஞ்சம் சுழன்றிருக்கிறது. தம்பி இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். கன நேரம் இரண்டு பேரும் பேசவில்லை, பிறகு தேசிமரம் காய்க்கிறதா என்று கேட்டார்.

மதில் அவர்களுடையது, அத்திவாரமும் அவர்கள் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பூவரசைச் சுற்றி மதில் இரண்டு பக்கமும் நிற்கும். பிடுங்கிய கதியால்களைப் பின்வேலியில் ஊன்றப் போகிறேன், மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, எத்தனை பிழைக்குமோ.

பொட்டுதான் முடியவில்லை. மதிலில் வாசல் விட்டால் பிறகு வழி உரித்துக் கேட்பார்கள் என்று மச்சானுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் வேண்டாம் என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. இன்று காலையில் பார்க்கிறேன், கிணற்றடிக்குப் பக்கத்தில் மேசன் கல் வைக்காமல் மூன்றடி விட்டுவிட்டு அப்பால் கட்டிக்கொண்டு போகிறார். சின்னம்மா கதிரை போட்டுப் பக்கத்தில் இருக்கிறார். கேட்டால், ‘காசு அவன்ரது, காணி என்ரது’ என்கிறார். கனடாவுக்கு இன்னும் தெரியாது.

பனிப்புலத்தான் | மார்ச் 19

மாஸ்டர், இந்த இழையைக் கனடாவிலும் வாசிக்கிறார்கள்.